துடைக்காமல் நிறுத்திய சைக்கிள்

போன மாதம் எங்கள் பழைய பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் வினோதினி என்ற பெண் கேட்டிருந்தாள். "நம்ம டிரெயில் பைக்குக்கு ஃபோர்க் டிராவல் ஏன் நூத்தி முப்பது வச்சாங்க? நூத்தி இருபதும் இல்ல, நூத்தி அம்பதும் இல்ல. ஃபைல்ல காரணமே எழுதல. யாருக்காச்சும் தெரியுமா?"

மூன்று நாள் யாரும் பதில் எழுதவில்லை. நான் நாலைந்து முறை எழுதி எழுதி அழித்தேன். எனக்குக் காரணம் தெரியும். ஆனால் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்து பேசுவதே எனக்குக் கஷ்டம். அறுபது பேர் படிக்கிற குழுவில் எழுதுவது அதைவிடக் கஷ்டம். தொழிற்சாலை ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் யாராவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதில் எழுதினால் படிப்பவர் முகம் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கல், வேர், பள்ளம் என்று காட்டுப் பாதையில் ஓட்டுகிற சைக்கிளில், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் காலுக்கு ஃபோர்க் என்று பெயர். ஒவ்வொரு காலிலும் கீழ்க்குழாய் ஒன்று, அதற்குள் இறங்கி ஏறும் மேல்குழாய் ஒன்று. உள்ளே காற்றும் எண்ணெயும் இருக்கும். சக்கரம் கல்லில் மோதினால் ஃபோர்க் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கலாம் என்பதுதான் டிராவல். குறைவாக வைத்தால் பெரிய கல்லில் அடி வரை போய் இடித்துத் தோள்பட்டையை உலுக்கிவிடும். அதிகமாக வைத்தால் முன்பக்கம் உயர்ந்து, எடையும் கூடி, மேடு ஏறும்போது முன் சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது. நடுவில் எங்கே நிறுத்துவது? வினோதினி கேட்டது இதைத்தான்.

நான் மண்ணூர்க்காரி. பத்தாவது படித்தேன். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்த காலத்தில் காண்டிராக்டில் சேர்ந்து, பிறகு நிரந்தரமானேன். பதினோரு வருடம் சீல் லைனில் இருந்தேன். சீல் என்பது கீழ்க்குழாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். மேல்குழாய் இறங்கி ஏறும்போது அதன் மேலுள்ள தூசியை வழித்து வெளியே தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவிவிடும். ஒரு ஷிப்டில் எத்தனை சீல் அழுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. கை தானாகச் செய்யும், மனசு எங்கேயோ இருக்கும். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் டெஸ்ட் பிரிவின் இன்சார்ஜ் தயாளன் சார் ஸ்டோரிலிருந்து எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் லைனுக்கு வந்தார். வாலாஜாபாத்காரர். மெல்லிய குரல். "அம்பத்தஞ்சு கிலோவுக்குக் கீழ யாரு? சைக்கிள் ஓட்டத் தெரியணும்" என்றார். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். வீட்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை நான் தினமும் சைக்கிளில் வருவது ஊருக்கே தெரியும்.

"ஏறு" என்றார். ஏறினேன். ஐம்பத்தொன்று.

"நாளைலேர்ந்து காலையில ஆறு மணிக்கு டெஸ்ட் ஷெட்டுக்கு வந்துடும்மா. எங்க கிட்ட இருக்கிறது ரெண்டும் யானைக் குட்டி. லேசான ஆளு ஒண்ணு வேணும்."

அந்த இரண்டு பேரில் ஒருவர் குன்றத்தூர் பாபு, எண்பத்தேழு கிலோ. இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இசக்கி, எழுபத்தாறு. இருவரும் என்னைவிட இளையவர்கள், முதல் நாளே என்னை "யக்கா" என்று கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு அது ஒரு சௌகரியம். அக்கா என்றால் அதிகம் பேசாவிட்டாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தயாளன் சாரின் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஹெல்மெட், ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் நம்மை முதலில் எடை போடுவார். அந்த எடைக்குத் தகுந்த காற்றைக் கைப்பம்பால் ஃபோர்க்கில் அடிக்கச் சொல்வார். மேல்குழாயில் ஒரு மெல்லிய ரப்பர் ரிங் மாட்டியிருக்கும். அதைச் சீலை ஒட்டிக் கீழே தள்ளிவிட்டு, சைக்கிளில் ஏறி ஆடாமல் நிற்க வேண்டும். நம் எடைக்கு ஃபோர்க் அமுங்கும், சீல் ரிங்கை மேலே தள்ளும். மெதுவாக இறங்கி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மொத்த டிராவலில் கால் பங்கு வந்தால் காற்று சரி. பிறகு ரிங்கை மறுபடி கீழே தள்ளிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வர வேண்டும். ரிங் கடைசியாக எங்கே நிற்கிறதோ, அந்த ரவுண்டில் அவ்வளவுதான் அதிகபட்சம் அமுங்கியது.

ஓட்டி முடித்து வந்ததும் மேல்குழாயை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். தூசியோடு வெர்னியர் என்ற அளவுகோலை வைத்தால் குழாயின் பூச்சில் கீறல் விழும் என்பதால் அப்படி ஒரு விதி. சார் சைக்கிளை ஒரு தரம் சுற்றி வருவார். கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். வெர்னியரில் அளந்து, தான் பார்த்த எண்ணைச் சொல்ல மாட்டார். "நீ பாரு" என்று வெர்னியரை நம்மிடம் தருவார். இருவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால்தான் எழுதுவார். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவு கறாரான மனிதரை நாங்கள் எப்படி ஏமாற்றினோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓட்டும் பாதை தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த வறண்ட ஏரியில். ஆறு கிலோமீட்டர். முதலில் ஏரிக்கரை மேல் சரளை மண், பிறகு கருவேல மரங்களுக்கு நடுவே வேர்களும் முள்ளும், பிறகு கைவிட்ட கல்குவாரி. கரை மேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஏழு மேடு. கடைசியில் குவாரிக்குள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறைப் படி. அதிலிருந்து குதித்து இறங்கும்போது ஒருமுறை பாபுவின் வயிறு ஹேண்டில்பாரில் இடித்ததால் அதற்குத் தொப்பைக்கல் என்று பெயர்.

காலை ஆறேகாலுக்கு அந்த ஏரிக்குள் இறங்கும்போது தரையெல்லாம் பால் கொட்டினது போலப் பனி கிடக்கும். தூரத்தில் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போகும். சத்தம் கேட்காது, வெளிச்சம் மட்டும் மிதந்து போகும். என் கீழே ஃபோர்க் உஸ், உஸ் என்று மூச்சு விடும். பதினோரு வருடம் நான் அழுத்திய சீல்களெல்லாம் இந்தச் சத்தத்தைத்தான் போட்டுக்கொண்டு எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன என்று முதல் நாள் நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. கொக்குகள் என்னைப் பார்த்துப் பறக்காது. சைக்கிள் வெள்ளை நிறம், நானும் ஒல்லி. பெரிய கொக்கு ஒன்று போகிறது என்று நினைத்திருக்கும். ஒரு ரவுண்டு முடிந்து ஷெட்டு தெரியும்போது, தூங்கி எழுந்தது போல இருக்கும்.

அந்தத் தூக்கத்தைக் கலைப்பது ஷெட்டில் மாட்டியிருந்த கரும்பலகைதான். யார் ரிங் எவ்வளவு ஏறியது என்று அதில் தினமும் எழுதுவார்கள். சார் கணக்குக்காக வைத்தது. ஆனால் பாபுவும் இசக்கியும் அதைப் பந்தயமாக்கிவிட்டார்கள். ரிங் உயரம் ஏறினால் வீரம். மாட்டியிருந்தது நூற்றைம்பது மில்லிமீட்டர் ஃபோர்க். பாபு நூற்று நாற்பத்தைந்து, இசக்கி நூற்று நாற்பத்திரண்டு. நான் நூற்று ஆறு.

"இன்னா யக்கா, சைக்கிள ஓட்னியா, தள்ளிகினு வந்தியா?" என்பார் பாபு.

"ரிங்கு இன்னும் எந்திரிக்கவே இல்லியேக்கா. ஒரு காப்பி வாங்கிக் குடுப்பமா?" என்பார் இசக்கி.

"யக்கா தொப்பைக்கல்லுல எறங்கி, கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துகீது."

"வே, அக்காவ ஒண்ணும் சொல்லாதீரும். கல்லுக்கே அக்கா வந்தது தெரிஞ்சிருக்காது."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. டீ வந்தால் முதல் கிளாஸ் எனக்குத்தான். ஆனால் நான் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே சுருங்கிப் போவேன். நான் தொப்பைக்கல்லில் குதித்துத்தான் வந்தேன் என்று சொல்ல நாக்கு வராது.

இரண்டாவது வாரம் ஒருநாள், ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வேப்ப மரத்தடியில் குனிந்து, கட்டை விரலால் ரிங்கை மேலே தள்ளினேன். கொஞ்சம்தான். பிறகு விதிப்படி துடைத்தேன். பலகையில் நூற்றுப் பத்தொன்பது என்று எழுதினார்கள். "யக்கா முழிச்சிகிச்சு டோய்" என்று பாபு கை தட்டினார். மறுநாள் இன்னும் கொஞ்சம். அந்த வாரக் கடைசியில் நூற்று முப்பத்தெட்டு. ஒரு ரவுண்டு சுகமாக ஓட்டிவிட்டு வருவேன், மரத்தடி வந்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். மூன்று வாரம் இப்படிப் போனது. பொய் என்று ஒரு வார்த்தை நான் பேசவில்லை, என் கட்டை விரல்தான் பேசியது.

இந்த ஓட்டமெல்லாம் எதற்காக என்பதை அப்போது நான் சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு வியாழக்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு, பம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங்மா. டிராவல் எவ்வளவுன்னு முடிவு பண்ணிட்டா, அதுக்கு ஏத்தமாதிரி ஃபிரேமுக்கு ஜிக்கு, அதான் அச்சு, அடிச்சிடுவாங்க. அப்புறம் மாத்த முடியாது. விற்பனைப் பிரிவு மேடம் ஆரம்பத்துலேர்ந்து நூத்தி அம்பது கேக்குறாங்க. நான் நூத்தி முப்பது போதும்னு சண்ட போட்டுகினு இருந்தேன்."

நான் தலையாட்டினேன்.

"பாபு, இசக்கி நம்பர நான் அவ்வளவா எடுத்துக்கல. பெரிய உடம்பு, முரட்டு ஓட்டு. உன் நம்பரத்தான் பாத்துகினு இருந்தேன். நீ நூத்தி ஆறு போட்டப்ப, நம்ம கணக்கு சரின்னு நெனச்சேன். இப்ப நீயே நூத்தி நாப்பது ஓட்டுற. அப்ப அந்தப் பாத நூத்தி அம்பதுதான் கேக்குது. நான் நெனச்சது தப்பு போல. நாளைக்குச் சரின்னு சொல்லிடப் போறேன்."

அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. தான் நினைத்தது தப்பு என்று தெரிந்தால் விட்டுவிடுகிற மனிதர் அவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழு மேட்டிலும் அந்த உயரமான முன் சக்கரம் எப்படி அலைகிறது என்று எனக்குத் தெரியும். ஏழாவது மேட்டில் பாதி நாள் நான் இறங்கித் தள்ளியிருக்கிறேன். அதைக்கூட யாரிடமும் சொல்லாதவள்தான் நான். என் கட்டை விரலை நம்பி ஆயிரக்கணக்கில் சைக்கிள் வரப் போகிறது.

"சார்" என்றேன்.

"இன்னாமா?"

"ஒண்ணுமில்ல சார்" என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்துப் பார்த்தேன். சொன்னால் டெஸ்ட் பிரிவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பனியும் கொக்கும் அன்றோடு முடிந்தது. அதைவிட, மூன்று பேர் முன்னால் நின்று அந்த வாக்கியத்தை வாயால் சொல்ல வேண்டுமே! மண்ணூர் வந்து இறங்கும்வரை ஒரு வாக்கியமும் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம் போல எடை போட்டு, காற்று அடித்து, ரிங்கைக் கீழே தள்ளிவிட்டுக் கிளம்பினேன். அன்று பனி அதிகம். கரை மேல் ஏறினால் கீழே ஏரியே இல்லை, வெறும் வெள்ளை. ஏழு மேட்டையும் மெதுவாக ஏறினேன், எல்லாவற்றிலும் முன் சக்கரம் மெத்தையில் நடப்பது போலத் தடுமாறியது. குவாரிக்குள் நுழைந்ததும் பனி விலகி, உடைத்துப் போட்ட கல்லெல்லாம் வெயிலில் மின்னியது. இதுதான் கடைசி ரவுண்டு என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டு போனேன். தொப்பைக்கல்லில் குதித்தேன். ஃபோர்க் ஒரு முழு மூச்சு இழுத்து விட்டது. நன்றாகத்தான் இருந்தது.

வேப்ப மரத்தடியில் நின்றேன். ரிங்கைப் பார்க்கக் குனிந்தபோதுதான் அதைக் கவனித்தேன். ரிங்குக்குக் கீழே மேல்குழாய் கண்ணாடி போலச் சுத்தமாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. ரிங்குக்கு மேலே ஏரியின் செம்மண் தூசி பவுடர் பூசியது போலப் படிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் போட்டது போல ஒரு கோடு. சீல் எதுவரை போனதோ அதுவரை தூசியை வழித்து எண்ணெயைத் தடவியிருக்கிறது. பதினோரு வருடம் நான் பார்த்த வேலை அது. ரிங்கை விரலால் தள்ளலாம், அந்தக் கோட்டைத் தள்ள முடியாது. தினமும் நாங்களே துடைத்து அழித்துக்கொண்டிருந்தது அந்தக் கோட்டைத்தான்.

என்னால் பேச முடியாது. ஆனால் துடைக்காமல் இருக்க முடியும்.

அப்படியே கொண்டுபோய் ஸ்டாண்டில் மாட்டினேன்.

"யக்கா, தொடைக்கல நீ" என்றார் பாபு. அவர் சைக்கிளும் இசக்கியுடையதும் துடைத்துப் பளிச்சென்று ஏற்கெனவே நின்றன.

நான் ஸ்டாண்டை விட்டு நகர்ந்து நின்றேன். சார் வழக்கம் போல ஒரு சுற்று சுற்றி வந்தார். கைக்குட்டையை மடித்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டத்தில் பார்த்தார். ரிங் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அளந்தார். வெர்னியரை என்னிடம் நீட்டினார். "நீ பாரு."

"நூத்தி எட்டு சார்."

"நேத்து?"

நான் கட்டை விரலை அவர் முன்னால் நீட்டினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

சார் என் விரலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு பாபுவிடமும் இசக்கியிடமும், "நீங்க ரெண்டு பேரும் இன்னொரு ரவுண்டு போய்ட்டு வாங்க. இந்த தடவ யாரும் தொடைக்க வேணாம்" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

முதலில் வந்தது இசக்கி. தூசிக் கோடு நூற்றுப் பதினெட்டில் இருந்தது. ரிங் நூற்று நாற்பத்தொன்றில். நடுவில் தூசி கலைந்து கிடந்தது, எண்ணெய்ப் பளபளப்பு இல்லை. பக்கத்திலேயே தெளிவாக ஒரு கட்டை விரல் ரேகை. துடைக்காதே என்று சொன்ன பிறகும் பழக்க தோஷத்தில் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏலே இசக்கி, ஒன் கை சும்மா இருக்காதால?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

பாபு வந்தார். கோடும் ரிங்கும் நூற்று இருபத்து நாலில். "நானும் தள்ளிகினுதான் சார் இருந்தேன்" என்று அவரே சொன்னார். "இவன் ஒரு நாளு நூத்தி நாப்பதுன்னான். நான் பெரிய ஆளு, கம்மியா போட்டா நல்லாவா கீது?"

ஆக நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அதே வேப்ப மரத்தடியில், அதே விரலால் தள்ளிக்கொண்டிருந்தோம்.

சார் சிரிக்கவில்லை. மணி ஒன்பதரை. "கோமளா, இந்த சைக்கிள அப்படியே மீட்டிங் ரூமுக்கு எடுத்துனு வா. தூசி கலையக் கூடாது" என்றார்.

ஏசி போட்ட அறை. கார்ப்பெட் தரை. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், டயரிலிருந்து ஏரி மண் கார்ப்பெட்டில் உதிர்ந்தது.

விற்பனைப் பிரிவு மேடம் காகிதத்தைப் புரட்டினார். "தயாளன், நேத்து வரைக்கும் நூத்தி நாப்பதுன்னு கொடுத்திருக்கீங்க. இன்னைக்கு நூத்தி எட்டா? ஒரே நாள்ல உங்க குவாரிக்கு யாராவது ரோடு போட்டுட்டாங்களா?"

"அளக்குற முறையில தப்பு மேடம். தொடச்சிட்டு அளக்கச் சொன்னது நான்தான். என் தப்பு" என்றார் சார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் எங்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"நான் தள்ளினேன் மேடம்."

"என்னது?"

"ரிங்க. கட்ட விரலால. மூணு வாரமா."

"எதுக்கு?"

"வெக்கமா இருந்துச்சு மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் காகிதத்தை மூடி வைத்தார். பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டார். "சரி. ஆனா நூத்தி அம்பது வெச்சா என்ன கெட்டுப் போச்சு? கூட இருந்தா நல்லதுதானே? வேணுங்கிறவங்க யூஸ் பண்ணிக்கட்டும். கடையில எல்லாரும் அந்த நம்பரைத்தான் முதல்ல பாக்கிறாங்க."

வாழ்க்கையில் நான் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசியது அந்த ஒரு முறைதான். இன்றைக்கும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"அந்தப் பெரிய கல்லு ஆறு கிலோமீட்டருக்கு ஒரு தடவதான் மேடம் வருது. அதுல குதிச்சே எங்க மூணு பேர்ல யாருக்கும் நூத்தி இருவத்தஞ்சு தாண்டல. பயமா இருந்தா எறங்கிக்கூடப் போய்க்கலாம். மேடு ஏழு தடவ வருது. உசரமா இருந்தா மேட்டுல முன் சக்கரம் நிக்க மாட்டேங்குது. நானே எறங்கித் தள்ளினு போயிருக்கேன். மேட்டுல எல்லாம் எறங்கித் தள்றதுன்னா அப்புறம் சைக்கிள் எதுக்கு மேடம்?"

சார் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து எல்லோருக்கும் தூசிக் கோட்டைக் காட்டினார். ஒவ்வொருவராக எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். முடிவு ஒரு வாரம் தள்ளிப் போனது. அந்த வாரம் ஃபோர்க்குக்குள் இருபது மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைப் போட்டு நூற்று முப்பதாக்கி ஓட்டினோம். யாரும் அளப்பதற்கு முன் துடைக்கவில்லை. தொப்பைக்கல்லில் பாபுவுக்கு மட்டும் ஒரே ஒரு தடவை அடி தட்டியது. ஏழாவது மேட்டில் நான் இறங்கவில்லை. நூற்று இருபதும் போட்டுப் பார்த்தோம், அதில் பாபுவுக்கு மூன்று இடத்தில் இடித்தது. நூற்று முப்பது என்று எழுதினார்கள்.

மெமோ வந்தது, மூன்று பேருக்கும். கையெழுத்துப் போட்டது தயாளன் சார்தான். மூவரையும் சீல் லைனுக்கு அனுப்பினார்கள். பாபுவின் தடித்த விரல்களுக்குச் சீல் அடங்கவில்லை. "ஒரே ஸ்கூலு, ஒரே கிளாஸு, மூணு பேரும் ஃபெயிலு" என்று சொல்லிக்கொண்டே அழுத்துவார். சார் எங்கள் பக்கம் வரவே இல்லை. கேண்டீனில் எதிரில் வந்தாலும் தட்டைப் பார்த்துக்கொண்டு போவார். அவரை ஏமாற்றியது அவருக்கு உறைத்திருந்தது என்பது அந்த ஒன்றரை மாதத்தில் எனக்குத் தெரிந்தது. நான் சொன்னதால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஆகவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவர் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு லைனுக்கு வந்தார். என் முன்னால் வைத்தார்.

"ஏறு" என்றார்.

ஐம்பது. ஒரு கிலோ குறைந்திருந்தேன்.

"சாப்புடறதில்லையா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஆறு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். பலகையைக் காணோம். அதன் ஆணி மட்டும் சுவரில் இருந்தது. பாபுவும் இசக்கியும் அடுத்த வாரம் வந்து சேர்ந்தார்கள்.

சைக்கிள் கடைக்கு வந்த பிறகு ஒருமுறை குன்றத்தூரில் ஒரு பெரிய சைக்கிள் கடை வாசலில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். உள்ளே எங்கள் வண்டி நின்றது. ஒருவர் ஆசையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிராவல் எவ்ளோ?" என்றார். கடைக்காரர் நூற்று முப்பது என்றதும் முகம் சுருங்கியது. "அவ்ளோதானா? நூத்தி அம்பது இல்லியா?" என்று பக்கத்தில் இருந்த வேறு கம்பெனி வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். நீங்கள் எங்கே ஓட்டுவீர்கள், மேடு உண்டா, எவ்வளவு எடை இருப்பீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். மேடம் சொன்னதும் பொய்யில்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

மணிக்கட்டு வலியால் போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். போகும்போது பிரிவிலிருந்து ஒரு பழைய டெஸ்ட் வண்டியைக் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் மண்ணூரில் வயல் வரப்புப் பாதையில் விடியற்காலை ஓட்டுகிறேன். அந்த உஸ், உஸ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது டெஸ்ட் பிரிவில் ஃபோர்க்கில் சென்சார் மாட்டுகிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை வினோதினி அதே ஏரியில், அதே ஆறு கிலோமீட்டரை ஓட்டிவிட்டு, செல்போனில் வந்த வரைபடத்தைக் குழுவில் போட்டிருந்தாள். மேடும் பள்ளமுமாக ஒரு நீளக் கோடு. கடைசியில் ஒரே ஒரு முனை மட்டும் உயரமாக நின்றது. அதற்குப் பக்கத்தில் நூற்றுப் பத்தொன்பது. கீழே எழுதியிருந்தாள்: "எல்லாரும் சொல்ற தொப்பைக்கல் இதுதானா? கரெக்டா நூத்தி முப்பதுக்குள்ளதான் வருது. அந்தக் காலத்துல சென்சார் இல்லாம இத எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

நான் அப்போதுதான் ஓட்டிவிட்டு வந்திருந்தேன். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பதில் எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடி ஆரம்பித்து அழித்தேன். பிறகு குனிந்து ஃபோர்க்கைப் பார்த்தேன். வரப்பு மண் மெல்லிசாகப் படிந்து, நடுவில் கோடு. அளந்து பார்த்தேன். அறுபத்திரண்டு. ரிங் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

அதை அப்படியே படம் பிடித்துக் குழுவில் போட்டேன். கீழே மூன்றே வார்த்தை எழுதினேன்.

"துடைக்கறதுக்கு முன்னாடி பாத்தோம்மா."